மருந்தின் விலை எங்கே தீர்மானிக்கப்படுகிறது?

2025 செப்டம்பர் 22ஆம் நாள் இரண்டு செய்திகள் ஒன்றாகச் சேர்ந்தன. நாட்பட்ட மைலாய்டு லுகேமியா (சி.எம்.எல்.) என்னும் எலும்பு மஜ்ஜை நோய் குறித்த உலக விழிப்புணர்வு நாள் அது. நம் உயிரணுக்களிலுள்ள 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் விளையும் நோய் என்பதால், ஒன்பதாம் மாதத்தின் 22ஆம் நாளைத் தேர்ந்துகொண்டார்கள். அதே நாளிலிருந்துதான் ஜி.எஸ்.டி. கவுன்சில் செப்டம்பர் 3ஆம் நாள் எடுத்த முடிவுகளும் நடைமுறைக்கு வந்தன. உயிர்காக்கும் மருந்துகள் 33இன் மீதான 12 சதவீத வரி முழுமையாக நீங்கியது. அந்தப் பட்டியலில் அசிமினிப் என்னும் மருந்தும் இருக்கிறது. அது இதே நோய்க்கு, பழைய மருந்துகள் பயனளிக்காத நிலையில் கொடுக்கப்படும் புதிய மருந்து.

வரி நீக்கம் வரவேற்கத்தக்கதே. நோயாளியின் மருந்துக்கு வரி விதித்ததே முதற்கண் தவறு. எட்டு ஆண்டுகளாக வாங்கிய வரியை விட்டுக்கொடுத்ததை ஒன்றிய அரசு பண்டிகைப் பரிசாக விளம்பரப்படுத்தியது. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். நூறு ரூபாய் மருந்து வரியோடு 112 ரூபாய்க்கு விற்றது. வரி நீங்கியபின் 100 ரூபாய்க்குக் கிடைக்கும். நோயாளி கொடுத்துவந்த தொகையில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு குறைகிறது. எஞ்சிய எட்டுப் பங்கை யார் நிர்ணயித்தார்கள், எந்தச் சட்டத்தின் பலத்தால் நிர்ணயித்தார்கள் என்ற கேள்வியை அரசு எழுப்பவில்லை. அந்தக் கேள்விக்கு இதே நோயின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. அந்த வரலாற்றில் இந்திய இடதுசாரி இயக்கத்துக்கும் பெருமைக்குரிய ஓர் இடம் உண்டு.

நோயும் மருந்தும்

எலும்பு மஜ்ஜைதான் இரத்த அணுக்கள் பிறக்கும் இடம். சி.எம்.எல். நோயில் அங்கே வெள்ளணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன. தொடக்கத்தில் அயர்வு, எடைக் குறைவு, இரவில் வியர்வை, மண்ணீரல் வீங்குவதால் இடப்புற விலாவின் கீழே ஒரு கனம் ஆகியவை தோன்றும். பலருக்கு அறிகுறி எதுவும் இருக்காது. வேறு காரணத்துக்காக இரத்தம் பரிசோதிக்கும்போதே நோய் தெரியவரும். கவனிக்காமல் விட்டால் சில ஆண்டுகளில் அது தீவிர இரத்தப் புற்றுநோயாக மாறி உயிரைக் குடிக்கும். இது தொற்றுநோயன்று, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவதுமன்று. மேலை நாடுகளில் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களைத் தாக்கும் இந்நோய், இந்தியாவில் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பவர்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் வயது அது.

1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்டு ஆகிய இருவரும் இந்நோயாளிகளின் இரத்த அணுக்களில் வழக்கத்துக்கு மாறான சிறிய குரோமோசோம் ஒன்றைக் கண்டார்கள். 1973இல் ஜேனட் ரௌலி, அது 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டதன் விளைவு என்று நிறுவினார். ஒட்டிய இடத்தில் உருவாகும் புதிய மரபணு ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அணுவுக்குப் பெருகும்படி ஆணையிடும் புரதம் அது. இயல்பான உடலில் இத்தகைய ஆணை வேண்டும்போது திறந்து வேண்டாதபோது அடைபடும். இந்நோயிலோ அது அடைக்க முடியாத மடை. இரவும் பகலும் நீர் பாய்ந்துகொண்டே இருக்கும்.

அந்த மடைக்குப் பொருந்தும் பலகையாக வந்ததுதான் இமாட்டினிப். கோளாறான அந்தப் புரதத்தின் குழியில் போய் அமர்ந்து, அதன் ஆணையை நிறுத்துகிறது. நல்ல அணுவையும் கெட்ட அணுவையும் ஒருசேர அழிக்கும் பழைய கீமோதெரபியைப் போலன்றி, நோயின் வேரைக் குறிவைக்கும் மருந்து என்பதால் இதை இலக்குசார் மருந்து என்கிறார்கள். 1998 ஜூனில் மனிதர்களிடம் முதல் சோதனை தொடங்கியது. 2001 மே மாதம் அமெரிக்காவில் விற்பனைக்கு ஒப்புதல் கிடைத்தது. அதற்கு முன்பு, மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு வழியில்லாதவர்கள் பெரும்பாலும் ஐந்தாறு ஆண்டுகளில் இறந்தார்கள். இமாட்டினிப் பெற்றவர்களைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்த பன்னாட்டு ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. பத்தாம் ஆண்டின் முடிவில் உயிரோடிருந்தவர்கள் 83.3 சதவீதம். மரண ஓலையாக இருந்த நோய், நாள்தோறும் மாத்திரை உண்டு வேலைக்குப் போகக்கூடிய நோயாக மாறியது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் இதனை இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

இந்தச் சாதனை நாற்பதாண்டுக் கால அறிவியலின் கூட்டு உழைப்பு. குரோமோசோமைக் கண்டறிந்தவர்களும், புரதத்தின் செயலை ஆராய்ந்தவர்களும், ஓரிகான் மாநிலத்து மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பிரையன் டிரக்கர் நடத்திய சோதனைகளுக்குத் தம் உடலைக் கொடுத்த நோயாளிகளும் அதில் பங்காளிகள். பெரும்பகுதி ஆராய்ச்சி பல்கலைக்கழகங்களில், பொதுப்பணத்தில் நடந்தது. நிறுவன ஆய்வாளர்களின் பங்கையும் மறுப்பதற்கில்லை. ஆனால் உழைப்பு பலருடையதாக இருந்தபோது, விலை வைக்கும் உரிமை ஒரே நிறுவனத்திடம் சென்றது. சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் ‘கிளிவெக்’ என்ற பெயரில் அதை விற்றது. 2013இல் உலகெங்கும் இந்நோயைக் கவனிக்கும் நூற்றுக்கு மேற்பட்ட மருத்துவ வல்லுநர்கள், இத்தகைய மருந்துகளின் விலை நியாயமற்றது என்று கூட்டாக எழுதும் அளவுக்கு அந்த விலை ஏறியது.

சட்டம் பிறந்த கதை

இந்தியாவில் அந்த மருந்துக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிய, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். விடுதலைக்குப் பின்பும் நாம் பிரிட்டிஷ் ஆட்சி விட்டுச்சென்ற காப்புரிமைச் சட்டத்தின் கீழேயே இருந்தோம். 1957இல் நியமிக்கப்பட்ட நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959இல் அறிக்கை அளித்தார். இந்தியக் காப்புரிமைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டாருடையவை. அவற்றிலும் மிகப் பெரும்பாலானவை இங்கே உற்பத்திக்குப் பயன்படவே இல்லை. சந்தையை அடைத்து வைப்பதற்கே பயன்பட்டன என்று அவர் சுட்டிக்காட்டினார். அதன் அடிப்படையில் 1970ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்து 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மருந்துகளுக்குச் செய்முறைக் காப்புரிமை மட்டுமே உண்டு, பொருளுக்குக் காப்புரிமை இல்லை என்றது அச்சட்டம். அதே மருந்தை வேறு வழியில் தயாரிக்கும் உரிமை இந்திய ஆலைகளுக்குக் கிடைத்தது. ஏழை நாடுகளின் மருந்தகம் என்று இந்தியா பெயர் பெற்றது அதனால்தான்.

1995இல் உலக வர்த்தக அமைப்பு உருவானபோது இந்தக் கதவை மூடும் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிட்டது. 2005 ஜனவரி 1 முதல் பொருள் காப்புரிமை கட்டாயமானது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஒன்றிய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்த அரசு இடதுசாரிக் கட்சிகளின் வெளியாதரவில் நின்ற அரசு. அவசரச் சட்டம் அப்படியே சட்டமாக விட முடியாது என்று இடதுசாரிகள் உறுதியாக நின்றதன் விளைவாக, 2005 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் முக்கியத் திருத்தங்கள் இடம்பெற்றன. ஏற்கெனவே அறியப்பட்ட பொருளின் புதிய வடிவத்துக்கு, அதன் பலன் கணிசமாகக் கூடியது என்று நிறுவாத வரையில் காப்புரிமை இல்லை என்னும் 3(டி) பிரிவு வலுப்பெற்றது. காப்புரிமை வழங்குவதற்கு முன்பே யாரும் எதிர்ப்பு மனு அளிக்கும் உரிமை காக்கப்பட்டது. முற்றிலும் புதிய வேதிப்பொருளுக்கு மட்டுமே காப்புரிமை என்ற வரையறையையும் இடதுசாரிகள் கேட்டார்கள். அது நிபுணர் குழுவுக்கு அனுப்பப்பட்டதோடு நின்றது. கேட்டது அனைத்தும் கிடைக்கவில்லை. கிடைத்தது எவ்வளவு பெரிது என்பது எட்டு ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது.

அந்த விவாதத்தின்போது அவையில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டதே இந்த இரத்தப் புற்றுநோய் மருந்துதான். நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் தயாரிக்கும் அதே மருந்துக்கு 8,000 முதல் 10,000 ரூபாய். ஒரே மாத்திரை, பன்னிரண்டு மடங்கு விலை வேறுபாடு.

சென்னையில் தொடங்கிய வழக்கு

நோவார்ட்டிஸ் 1998 ஜூலையில் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் அளித்திருந்தது. இமாட்டினிப் மருந்துக்கே அது காப்புரிமை கேட்கவில்லை. அந்தப் பொருள் 1993இலேயே வெளிநாட்டில் காப்புரிமைக்கு உட்பட்டது. 1995க்கு முந்தைய பொருளுக்கு இந்தியாவில் இடமில்லை. ஆகவே அதே மருந்துப் பொருளின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்குப் புதிதாகக் காப்புரிமை கேட்டது. பழைய மரத்தில் புது இலை துளிர்த்தது என்று சொல்லி, மரத்துக்கே இன்னும் இருபது ஆண்டு பட்டா கேட்பதைப் போன்றது இது. காப்புரிமையைக் காலாவதி ஆகவிடாமல் நீட்டித்துக்கொண்டே போகும் இந்தத் தந்திரம் பன்னாட்டு மருந்து நிறுவனங்களின் வழக்கமான வேலை.

விண்ணப்பம் நிலுவையிலிருந்தபோதே 2003இல் நிறுவனத்துக்குத் தனி விற்பனை உரிமை கிடைத்தது. அதைக் காட்டி நீதிமன்றத் தடை பெற்றதால் சில இந்திய நிறுவனங்கள் மருந்தை நிறுத்த நேர்ந்தது. விலை ஏறியதும் நோயாளிகள் திகைத்து நின்றார்கள். புற்றுநோயாளிகளுக்கான உதவிச் சங்கமும் இந்திய மருந்து நிறுவனங்களும் எதிர்ப்பு மனு அளித்தன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 3(டி) பிரிவு அரசமைப்புக்கும் உலக வர்த்தக உடன்படிக்கைக்கும் முரண் என்று நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. 2007 ஆகஸ்ட் 6ஆம் நாள் நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. 2009இல் மேல்முறையீட்டு வாரியமும் காப்புரிமையை மறுத்தது.

2013 ஏப்ரல் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் அமர்வு இறுதித் தீர்ப்பை வழங்கியது. புதிய படிக வடிவம் உடலில் 30 சதவீதம் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்பது நிறுவனத்தின் வாதம். மருந்தைப் பொறுத்தவரை பலன் என்பது நோய் தீர்க்கும் பலனே. உறிஞ்சப்படும் அளவு கூடியதால் நோய் கூடுதலாகத் தீர்ந்தது என்று காட்டப்படவில்லை என்று நீதிமன்றம் கூறியது. பழைய காப்புரிமைக்குள் இந்த மருந்துப் பொருள் அடங்காது என்று இந்தியாவில் வாதிட்ட அதே நிறுவனம், இங்கிலாந்தில் ஓர் இந்திய நிறுவனத்தைத் தடுக்க, அடங்கும் என்று வாதிட்டிருந்ததையும் நீதிமன்றம் கணக்கில் கொண்டது. ஐயங்கார் அறிக்கையையும் நாடாளுமன்ற விவாதங்களையும் தீர்ப்பு விரிவாக எடுத்தாண்டது. அவையில் பேசிய சொற்கள் வீண்போவதில்லை என்பதற்கு அது சான்று.

மாதம் 1,20,000 ரூபாய் 10,000 ஆனபோது நோயாளிக்கு எஞ்சியது பன்னிரண்டில் ஒரு பங்குச் சுமை மட்டுமே. அதன்பின் போட்டியால் விலை மேலும் இறங்கியது. வரி நீக்கத்தால் குறைவதோ ஒன்பதில் ஒரு பங்கு. எது தீர்வு, எது ஒப்பனை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

கருணையும் உரிமையும்

நிறுவனத்தின் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. இந்திய நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு மருந்தை இலவசமாகவே வழங்கினோம். ஆகவே விலை எவரையும் பாதிக்கவில்லை என்றது நோவார்ட்டிஸ். இலவச மருந்தால் உயிர் பிழைத்தவர்கள் பல்லாயிரம் பேர் என்பது உண்மை. அவர்களின் நன்றியுணர்வை இழிவாகப் பேச வேண்டியதில்லை. ஆனால் இலவசம் யாருக்கு, எதுவரைக்கும், எந்தச் சான்றிதழின் பேரில் என்பதைக் கொடுப்பவரே முடிவு செய்கிறார். திட்டம் மாறினால் நோயாளி எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. அரசு மருத்துவமனைக்குக் கொள்முதல் செய்ய முடிகிற விலையில் மருந்து இருந்தால்தான் அது உரிமையாகிறது.

ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டும். அந்தச் செலவைப் பொதுநிதி பெருமளவில் சுமக்கிறது என்பதையும், விற்பனை வருவாய் முதலீட்டைப் பலமுறை மீட்டுத் தந்த பிறகும் அமெரிக்காவில் இதே மருந்தின் விலை இறங்காமல் மூன்று மடங்குக்கு மேல் ஏறியது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். விலை ஆராய்ச்சிச் செலவைப் பின்தொடரவில்லை. ஏகபோகம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுக்கு ஏறியது.

அடைபடும் வழிகள்

இனி இன்றைய நிலைக்கு வருவோம். 3(டி) பிரிவு பழைய பொருளின் புதிய வேடத்தைத் தடுக்கும். உண்மையிலேயே புதிய வேதிப்பொருளைத் தடுக்காது. அசிமினிப் போன்ற மருந்துகள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இமாட்டினிப் மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்ட, குறிப்பிட்ட மரபணு மாற்றமுள்ள நோயாளிகளுக்கு இவை தேவைப்படுகின்றன. இத்தகைய நிலைக்கென்றே சட்டத்தில் கட்டாய உரிமம் என்னும் வழி இருக்கிறது. காப்புரிமை பெற்ற மருந்து மக்களுக்கு எட்டும் விலையில் கிடைக்காவிட்டால், அதைத் தயாரிக்க வேறொருவருக்கு அரசு உரிமம் வழங்கலாம். 2012 மார்ச்சில் பேயர் நிறுவனத்தின் சோராபெனிப் மருந்துக்கு இவ்வாறு உரிமம் வழங்கப்பட்டது. மாதம் 2,80,000 ரூபாய்க்கு மேல் இருந்த செலவு 9,000 ரூபாய்க்குள் வந்தது. இந்திய வரலாற்றில் இதுவரை வழங்கப்பட்ட கட்டாய உரிமம் அது ஒன்றுதான்.

கேரளத்தில் நடந்ததை நாம் மறக்கலாகாது. மார்பகப் புற்றுநோயுற்ற ஒரு பெண், மாதம் 58,000 ரூபாய் விலையுள்ள ரைபோசிக்லிப் மருந்துக்குக் கட்டாய உரிமம் வழங்கக் கோரி 2022இல் கேரள உயர் நீதிமன்றத்தை அணுகினார். வழக்கு முடியுமுன்னே அவர் இறந்துபோனார். பொதுநலன் கருதி நீதிமன்றம் தானாகவே வழக்கைத் தொடர்ந்தது. சட்டத்தில் வழி இருந்தும், அரசுக்கு மனமில்லாவிட்டால் அந்த வழி எவ்வளவு நீளம் என்பதை அந்த மரணம் காட்டுகிறது. 2025 மார்ச்சில் தசைநார்ச் சிதைவு நோய்க்கான ரிஸ்டிப்லாம் வழக்கில், இந்திய நிறுவனத்தின் உற்பத்திக்குத் தடைவிதிக்க டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி மறுத்தார். குப்பி ஒன்றுக்கு ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல் விலை வைத்த ரோஷ் நிறுவனம் மேல்முறையீடு செய்தது. வரி நீக்கப்பட்ட 33 மருந்துகளில் ரிஸ்டிப்லாமும் ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்நிலையில் ஒன்றிய அரசு செய்திருப்பது என்ன? 2024 மார்ச் 10ஆம் நாள் சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீச்டென்ஸ்டைன் ஆகிய நாடுகளின் கூட்டமைப்போடு வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டது. நோவார்ட்டிஸ், ரோஷ் இரண்டின் தலைமையகமும் சுவிட்சர்லாந்தில்தான். ஐந்தே நாள்களில், மார்ச் 15 அன்று, காப்புரிமை விதிகள் திருத்தப்பட்டன. முன்கூட்டிய எதிர்ப்பு மனுவை ஏற்கத்தக்கதா என்று அதிகாரி முதலில் முடிவு செய்வார். அதற்குக் கட்டணமும் உண்டு. காப்புரிமை பெற்ற பொருளை இந்தியாவில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய அறிக்கை, மூன்றாண்டுக்கு ஒருமுறை அளித்தால் போதும் என்றானது. சென்னையில் இமாட்டினிப் வழக்கை வென்றது எந்த எதிர்ப்பு மனுவோ, அந்த மனுவின் வாசலே குறுகுகிறது. கட்டாய உரிமம் கேட்பவருக்குச் சான்றாகும் அறிக்கையே அரிதாகிறது.

அந்த ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜூலை 24ஆம் நாள் பிரிட்டனோடு கையொப்பமான ஒப்பந்தமோ, மருந்து கிடைக்கச் செய்யும் சிறந்த வழி நிறுவனங்கள் தாமாக முன்வந்து கொடுக்கும் உரிமமே என்று எழுதிவைத்திருக்கிறது. நிறுவனம் விரும்பினால் கொடுக்கும், விரும்பாவிட்டால் இல்லை என்பதுதான் இதன் பொருள். கட்டாய உரிமம் சட்டப் புத்தகத்தில் இருக்கும். அதைத் தொடும் துணிவு அதிகாரிக்கு இருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு நடந்த பேச்சுவார்த்தையிலோ, சோதனைத் தரவுகளுக்குத் தனியுரிமை வேண்டும், காப்புரிமைக் காலத்தை நீட்டிக்க வேண்டும் என்ற கோரிக்கைகள் அவர்களின் வரைவிலேயே இருந்தன. 3(டி) பிரிவை நாடாளுமன்றத்தில் நேரடியாக நீக்க எந்த அரசும் அஞ்சும். அதனால்தான் விதிகளின் வழியாகவும், நாடாளுமன்றம் விவாதிக்காத ஒப்பந்தங்களின் வழியாகவும் அதைச் சுற்றி வேலி அடைக்கிறார்கள். ஒரு கையால் 12 சதவீத வரியை விட்டுக்கொடுத்து, மறு கையால் விலையைக் குறைக்கும் அதிகாரத்தையே ஒப்படைக்கும் வேலை இது.

எல்லைப் பகுதியின் கணக்கு

இது டெல்லியிலும் ஜெனீவாவிலும் மட்டும் நடக்கும் விவகாரம் என்று கருதலாகாது. தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களின் தேயிலை, ஏலத் தோட்டங்களிலும், சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேம்பதி, முதலமடை ஊர்களிலும் வாழும் தமிழ் உழைப்பாளிகளுக்கு இந்தச் சட்டத்தின் ஒவ்வொரு வரியும் வீட்டுக் கணக்காக இறங்குகிறது. கொழுந்து பறிக்கும் பெண் ஒருவருக்கு அயர்வு தீரவில்லை என்றால், அது வேலைக் களைப்பு என்றே லயத்தில் முதலில் முடிவாகும். நோய் உறுதியானபின் மாத்திரை நாள் தவறாமல் உண்ண வேண்டும். தவறினால் நோய் மருந்துக்குப் பழகிக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் அந்த மரபணுவின் அளவைப் பார்க்க வேண்டும். அதற்கு மலையிலிருந்து இறங்கிக் கோட்டயத்துக்கோ தேனிக்கோ மதுரைக்கோ போக வேண்டும். சித்தூர்ப் பக்கத்தவருக்குத் திருச்சூரைவிடக் கோயம்புத்தூர் அருகில் இருக்கிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒன்றிரண்டு நாள் கூலி போகிறது. துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது.

மருந்து மலிவாகவோ இலவசமாகவோ கிடைக்கும்போதே இந்தச் சுமை இருக்கிறது. மாத்திரையின் விலை மாதம் லட்சக்கணக்கில் இருந்தால் எந்த லயத்திலிருந்தும் யாரும் புறப்பட்டே இருக்க மாட்டார்கள். இன்று எல்லைப் பகுதியில் இமாட்டினிப் உண்டு வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் 2005இல் வென்றெடுத்த அந்தத் திருத்தத்தின் பயனாளி. அவர்களில் பெரும்பாலோர் அதை அறியார். அறியச் செய்யாதது நம் குறை.

இடது ஜனநாயக முன்னணி அரசு தன் வரம்புக்குள் செய்தவை குறிப்பிடத்தக்கவை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சைப் பாதுகாப்பு அளிக்கும் காருண்ய ஆரோக்கிய சுரட்சா திட்டம், 2024 ஆகஸ்டு முதல் காருண்ய மருந்தகங்களில் விலையுயர்ந்த புற்றுநோய் மருந்துகளை இலாபமின்றி விற்கும் ஏற்பாடு, ஆலப்புழை கலவூரில் இயங்கும் மாநிலப் பொதுத்துறை மருந்து நிறுவனம் ஆகியவை மாற்றுப் பாதை உண்டு என்று காட்டுகின்றன. ஆனால் இலாபமின்றி விற்பது என்பது, நிறுவனம் வைத்த விலைக்குமேல் மாநிலம் எதுவும் சேர்க்கவில்லை என்பதே. அந்த அடிப்படை விலையைக் குறைக்கும் சட்ட அதிகாரம் ஒன்றிய அரசிடம் இருக்கிறது. மாநில அரசின் நல்லெண்ணம் ஏகபோகத்தின் சுவரில் மோதி நிற்கிறது.

முடிக்கப்படாத பணிகள் மாநிலத்துக்குள்ளும் உண்டு. அவற்றைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. இந்நோயைக் கண்டறிந்து தொடரும் பரிசோதனைக்கான இரத்த மாதிரியை எல்லை வட்டங்களின் அரசு மருத்துவமனைகளிலேயே எடுத்து அனுப்பும் வசதி வேண்டும். இரு மாநில எல்லையில் வாழ்பவர் எந்தப் பக்கத்து மருத்துவமனைக்குச் சென்றாலும் அவருடைய காப்பீட்டு அட்டை செல்லும்படி கேரளமும் தமிழ்நாடும் உடன்பாடு காண வேண்டும். கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அளித்துள்ள உரிமை மருத்துவமனைக்குள்ளும் நுழைய வேண்டும். மருந்தை எப்போது, எப்படி உண்பது, எதைக் கண்டால் உடனே வர வேண்டும் என்ற குறிப்பு நோயாளியின் கையில் தமிழில் இருக்க வேண்டும். புரியாத தாள் ஒன்றினால் மாத்திரை தவறினால், அந்த இழப்பும் உயிரிழப்பே. பரிசோதனை நாளுக்குத் தோட்ட நிர்வாகங்கள் கூலியோடு விடுப்பு அளிக்க வேண்டும்.

நமது கடமை

ஒன்றிய அரசிடம் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. வர்த்தக ஒப்பந்தங்களின் அறிவுசார் சொத்துப் பகுதிகளைக் கையொப்பத்துக்கு முன்பே நாடாளுமன்றத்திலும் மாநிலங்களிடமும் வைக்க வேண்டும். 2024ஆம் ஆண்டு விதித் திருத்தங்களைத் திரும்பப் பெற வேண்டும். ஒரே நிறுவனம் மட்டும் விற்கும் உயிர்காக்கும் மருந்துகளுக்கு, நோயாளி ஒருவர் நீதிமன்றப் படியேறிச் சாகும்வரை காத்திராமல், அரசே முன்வந்து கட்டாய உரிமம் வழங்க வேண்டும். அந்த உரிமத்தைப் பயன்படுத்தப் பொதுத்துறை மருந்து ஆலைகளுக்கு உயிரூட்ட வேண்டும். வரி நீக்கப்பட்ட 33 மருந்துகளின் பட்டியலையே இதற்குத் தொடக்கமாகக் கொள்ளலாம். இவை உயிர்காக்கும் மருந்துகள் என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டதே!

கிளைகளுக்கும் வேலை இருக்கிறது. காப்புரிமை என்ற சொல் தோட்டத்துக்கும் வயலுக்கும் தொடர்பற்றது என்ற எண்ணத்தை முதலில் நம்மிடமிருந்தே நீக்க வேண்டும். இம்மாதக் கிளைக் கூட்டங்களில் 3(டி) பிரிவின் கதையை எடுத்துச் சொல்லலாம். அது எளிய கதை, ஒரு மாத்திரையின் இரண்டு விலைகளின் கதை. நீண்ட நாள் அயர்வும் எடைக் குறைவும் உள்ளவரை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதும், தொடர் சிகிச்சையிலிருப்பவரின் மாத்திரை தீரும் நாளை நினைவில் வைப்பதும், மருத்துவமனையில் மொழி தெரியாமல் நிற்பவருக்குத் துணை நிற்பதும் சிறிய வேலைகள் அல்ல. போராட்டத்தையும் தொண்டையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு இருந்ததில்லை.

1959இல் ஒரு நீதிபதி எழுதிய அறிக்கை, 1970இல் ஒரு சட்டம், 2005இல் அவையில் வென்ற ஒரு திருத்தம், 2006இல் சென்னையில் ஏற்கப்பட்ட எதிர்ப்பு மனு, 2013இல் ஒரு தீர்ப்பு ஆகிய ஐந்தும் ஒன்றன்மீது ஒன்றாக நின்றதால்தான் இன்று ஒரு தொழிலாளியின் கையில் அந்த மாத்திரை இருக்கிறது. இவற்றுள் எதுவும் தானாக வந்ததன்று. எதுவும் தானாக நிலைக்கப் போவதுமன்று. மருந்தின் விலையைத் தீர்மானிக்கும் இடம் மருந்துக்கடையும் வரி அலுவலகமும் அன்று. சட்டம் எழுதப்படும் இடமே அது. அந்த இடத்தில் உழைக்கும் மக்களின் குரல் ஓங்கி ஒலித்த காலம் இருந்தது. அது மீண்டும் ஒலிக்கச் செய்வதே இந்நாளில் நாம் ஏற்க வேண்டிய உறுதி.